கடல் இடக்கைப் பக்கம்

கோயம்புத்தூருக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னல் கதவைப் படீரென்று சாத்தும்போது, வீட்டில் மற்றவர்கள் மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். நான் ஜன்னலருகே போய் உதட்டை நக்கிப் பார்ப்பேன். உப்பு இருக்காது. இருக்காது என்று தெரியும். ஆனாலும் நாக்கு கேட்காது.

உப்பில்லாத காற்றில் இரும்பு நீண்ட நாள் உழைக்கும். எங்கள் குப்பத்தில் ஒரு சைக்கிள் சங்கிலி இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிசயம். இங்கே வந்த புதிதில் வாங்கிய கேட் பூட்டு இன்னும் சிணுங்காமல் திறக்கிறது. அலமாரியின் அடித்தட்டில், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கும் துத்தநாகத் தகடும் அதனால்தான் பிழைத்துக் கிடக்கிறது. ஒரு அடிக்கு ஒன்றேகால் அடி. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தபோது, 2003இல், நான் செய்த எட்சிங் தகடு. அதில் இருப்பது ஒரு புயல் இரவு. எங்கள் ஆட்கள் கட்டுமரங்களை மேட்டுக்கு ஏற்றுகிறார்கள்.

எங்கள் குப்பம் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. இருட்டிய பிறகு கரையில் நின்று தெற்கே பார்த்தால் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் விட்டுவிட்டு மின்னும். நாங்கள் அதை ‘விளக்கு’ என்றுதான் சொல்வோம். திசை சொல்ல எங்களுக்கு அது போதும். விளக்கைப் பார்த்து நின்றால் கடல் இடக்கைப் பக்கம், ஊர் வலக்கைப் பக்கம். சோறு எந்தக் கையால் தின்பது என்று கற்ற வயதிலேயே இதையும் கற்றுவிடுவோம்.

1994 அக்டோபர் 31 அன்று ஒரு புயல் சென்னைக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய இரவுதான் தகட்டில் இருக்கும் இரவு. எனக்குப் பன்னிரண்டு வயது. தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. வாங்கி வைத்த பட்டாசு நமுத்துப்போகுமே என்பதுதான் என் கவலை. அமாவாசை நெருங்கிவிட்டதால் நிலவும் கிடையாது. வானொலியில் சொல்வதற்கு முன்பே நைனாவுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் தெற்கு நோக்கி வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தது. “வாடை முறுக்கினு வருது. மரத்த மேல ஏத்திடணும்” என்று மத்தியானமே சொல்லிவிட்டார்.

கட்டுமரத்தைப் படகு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். அது பெயரில் சொல்வதுதான்: சேர்த்துக் கட்டிய மரங்கள். நடுவில் நடுமரம், இருபுறமும் பக்கமரங்கள், முன்னால் மூக்குப்போல் செதுக்கிய துண்டுகள். கடலுக்குப் போகும்போது கயிற்றால் கட்டுவார்கள். திரும்பி வந்ததும் அவிழ்த்து மணலில் காயப் போடுவார்கள். காயாத மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். வெள்ளைக்காரர்கள் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய்க் ‘கேட்டமரான்’ என்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்கு வைத்துவிட்டார்கள். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

அன்று மாலை எல்லா மரங்களையும் அவிழ்க்காமல் கட்டோடு, வழக்கமாக அலை எட்டாத இடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு அங்கேயும் அலை வந்து நக்கியது. யாரோ கத்தினார்கள். ஊரே எழுந்து ஓடியது. முப்பதுக்கு மேல் மரங்கள். மணல்மேட்டைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குள் கொண்டுபோக வேண்டும். கட்டோடு தூக்க முடியாது, அவிழ்த்து ஒவ்வொன்றாகத்தான் தூக்க வேண்டும். நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நைனா பல்லால் இழுத்துப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து அறுத்தார். புதுக் கயிறு. அறுக்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கயிறு வாங்கக் கடன் சொல்லியிருந்தது அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

மரத்தின் கீழே கயிற்று வளையம் மாட்டி, வளையத்துக்குள் கம்பைச் செருகி, முன்னால் இரண்டு பேர் பின்னால் இரண்டு பேர் தோள் கொடுப்பார்கள். நைனா எப்போதும் வலத்தோள். அந்தத் தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு உண்டு. சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். ஈர மணலில் கால் கணுக்கால்வரை புதையும். மழை பக்கவாட்டில் வந்து ஊசி மாதிரி குத்தும். மாமா முன்னால் நின்று “ஏலேலோ” என்பார், மற்றவர்கள் “ஐலசா” என்பார்கள். ஆனால் அந்தக் காற்றில் முழுச் சொல் எதுவும் காதுக்கு வரவில்லை. கடைசிச் ‘சா’ மட்டும் வரும். அந்தச் ‘சா’வுக்குத்தான் எல்லாருடைய காலும் ஒன்றாக எழுந்தது.

எனக்குக் கொடுத்த வேலை துடுப்புகளையும் பாய்த்துணியையும் சுமந்துபோய்த் தோப்பில் போடுவது. அம்மாவும் மற்றப் பெண்களும் முதலில் வலைகளையும் கருவாட்டுக் கூடைகளையும் மேட்டு வீடுகளுக்கு மாற்றினார்கள். அப்புறம் அம்மா ஒரு காரியம் செய்தாள். காலி எண்ணெய் டின் ஒன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, அதற்குள் அரிக்கேன் விளக்கை வைத்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள். வெளிச்சம் ஒரே பக்கம் ஆப்பு மாதிரி விழுந்தது. மரம் தூக்கி வருகிறவர்களின் காலடிக்கு அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள். முகங்கள் யாருக்கும் தெரியவில்லை. தொடை, முழங்கால், பாதம், நனைந்த மணல். இவ்வளவுதான் அந்த இரவில் வெளிச்சத்தில் இருந்தவை.

விடியும்போது எல்லா வீட்டு மரங்களும் தோப்பில் கிடந்தன, எங்கள் பக்கமரம் ஒன்றைத் தவிர. ஒரு வாரம் கழித்துத் தெற்கே வேறொரு குப்பத்திலிருந்து தகவல் வந்தது, உங்கள் மரம் இங்கே ஒதுங்கியிருக்கிறது என்று. செதுக்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே எந்த ஊர் மரம், யார் கை என்று சொல்லிவிடுவார்கள். நைனாவும் மாமாவும் போய் எடுத்து வந்தார்கள்.

இதையெல்லாம் தகட்டில் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் கல்லூரிக்குப் போன பிறகு வந்தது. பதிப்போவியக் கூடத்துக்குள் முதல்நாள் நுழைந்ததும் அடித்தது தார் வாசனை, மண்ணெண்ணெய் வாசனை. மற்ற மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நூலகத்தில், தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் மாமல்லபுரம் வந்து வரைந்துகொண்டு போய் அக்வாடின்ட் முறையில் அச்சிட்ட படங்களின் நகல்களைப் பார்த்தேன். இருநூறு வருடத்துக்கு முந்தையவை. கோயில் இருந்தது, பாறை இருந்தது. நான் தேடியது எங்கள் ஆட்களை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று தோன்றியது. இருபது வயதுத் திமிர்.

எட்சிங் தெரியாதவர்களுக்கு அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தகட்டை வழவழவென்று தேய்த்து, தாரும் தேன்மெழுகும் ரோசினும் கலந்த பூச்சைப் பூச வேண்டும். பூச்சு காய்ந்ததும் ஊசியால் கீறினால் அடியில் உலோகம் பளிச்சென்று தெரியும். பிறகு தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் தகட்டை இறக்க வேண்டும். பூச்சு இருக்கும் இடத்தை அமிலம் தொடாது, கீறிய இடத்தை மட்டும் கடிக்கும். கடிக்கும்போது கோடு நெடுக நுண்ணிய குமிழ்கள் எழும். அவற்றைக் கோழி இறகால் மெதுவாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதிக நேரம் கடித்த கோடு ஆழமாகி, மை அதிகம் குடித்து, அச்சில் கருப்பாக விழும். இருட்டுக்கு அக்வாடின்ட். ரோசின் பொடியைத் தகட்டின்மேல் தூவிச் சூடாக்கி ஒட்ட வைத்து, அமிலத்தில் விட்டுவிட்டு எடுக்க எடுக்க இருட்டு அடர்ந்துகொண்டே போகும்.

வெளிச்சத்துக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை அமிலத்தில் இறக்குவதற்கு முன்பே வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். அம்மாவின் அரிக்கேன் வெளிச்சத்தை நான் அப்படித்தான் செய்தேன். ஆப்பு வடிவத்தில் முதலில் மூடியது அந்த இடத்தைத்தான். மற்ற எல்லாவற்றையும் அமிலம் ஏழெட்டுத் தடவை கடித்தது. கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருமிக்கொண்டே நின்றுவிட்டு மறுபடி உள்ளே போவேன்.

அச்செடுக்கும் நாளில் தகட்டில் மையைத் தேய்த்து, விறைப்பான சல்லாத் துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் துடைத்தேன். ஈரக் காகிதத்தைத் தகட்டின்மேல் போட்டு, கம்பளியை மூடி, அச்சு இயந்திரத்தின் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். சக்கரத்தின் கம்பியைப் பிடித்து உடம்பு எடையைப் போட்டு இழுத்தபோது என்னையறியாமல் வாயில் ‘சா’ வந்தது. பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

காகிதத்தைத் தூக்கினேன். இருட்டும் மழையும் நான் நினைத்தபடி விழுந்திருந்தன. கால்கள் நன்றாக வந்திருந்தன. ஐந்து பிரதிகள் எடுத்தேன். ஒன்றைச் சுருட்டிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினேன்.

நைனா வலை பொத்திக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பைத் தெற்கே திருப்பிக்கொண்டு பார்த்தார். கடைசியில் கேட்டார்:

“இது எந்த ஊருடா?”

“நம்ம ஊருதான் நைனா. அந்தப் புயல் ராத்திரி.”

“நம்ம ஊரா? கடலு வலங்கைப் பக்கம் கீது. அப்போ நான் வடக்க பாத்துனு நிக்கறேன். எதிர்ல வௌக்கு எரியுது. வௌக்கு எப்போடா வடக்க போச்சு?”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. தகட்டில் கீறியது காகிதத்தில் இடவலம் மாறி விழும் என்பது பதிப்போவியத்தின் அரிச்சுவடி. முதலில் டிரேசிங் தாளில் வரைந்து அதைத் திருப்பிப் போட்டுத் தகட்டில் பதித்துக்கொள் என்று ஆசிரியர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். எனக்கு அவசரம். கண்ணை மூடினால் தெரியும் கரைக்கு டிரேசிங் எதற்கு என்று நேராகத் தகட்டிலேயே கீறிவிட்டேன். மூலையில் என் பெயரையும் வருடத்தையும் மட்டும் கண்ணாடி எழுத்தில் கவனமாகத் திருப்பி எழுதியிருந்தேன். அவை நேராக விழுந்திருந்தன. ஊர்தான் திரும்பிவிட்டது.

“இன்னொண்ணு,” என்றார். “என்னுது வலத்தோளு. இதுல எடத்தோளுல காவுறேன். அந்தப் பக்கம் எனக்கு நாலடி கூட வராது.”

அதற்குள் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வடக்கும் தெற்கும் பிரச்சினை இல்லை. படத்தின் நடுவில் இருந்த வெள்ளை ஆப்பில் விரல் வைத்தாள். அதன் முனையில் டின்னும் அரிக்கேனும் இருந்தன.

“அரிக்கேனு தானாவா நின்னுனு கீது?” என்றாள்.

நான் அவளைப் போடவே இல்லை. வெளிச்சத்தை மூடி வைத்த அவசரத்தில், அதைப் பிடித்துக்கொண்டிருந்த கையை மறந்துவிட்டேன். மரம் தூக்கியது மட்டும்தான் வேலை என்று என் மனசில் எங்கேயோ இருந்திருக்கிறது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “நல்லா கீதுடா, காலெல்லாம் நெசம் மாதிரி கீது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நைனா படத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். மாட்டிவிட்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் “இது வேற ஊரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அப்புறம் கல்லூரியில் ரெம்பிராண்ட்டின் எட்சிங்குகளைப் பற்றிப் பாடம் வந்தது. 1650இல் அவர் ஒரு கடல் சங்கை எட்சிங் செய்திருக்கிறார். புள்ளி புள்ளியாகக் கூம்பு வடிவச் சங்கு. நிஜத்தில் அந்த இனத்தின் சுருள் போகும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் படத்தில் சுருள் போகிறது. தகட்டில் பார்த்தபடி வரைந்துவிட்டார், அச்சில் திரும்பிவிட்டது. கையெழுத்து மட்டும் நேராக இருக்கிறது. கரையில் பிறந்தவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சுருள் மறுபக்கம் திரும்பிய சங்கு ஒன்று கிடைத்தால் அதுதான் வலம்புரி, அதன் விலையே வேறு. ரெம்பிராண்ட் சாதாரணச் சங்கு ஒன்றை அச்சு இயந்திரத்திலேயே வலம்புரி ஆக்கிவிட்டாரே என்று நினைத்துச் சிரித்தேன். ஊருக்குப் போகும்போது நைனாவிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். சொன்னேன். “அவுரு செப்பிய மாத்தினாரு, நீ ஊரையே மாத்திட்ட” என்றார்.

தகட்டைத் திருத்தலாம் என்று இருந்தேன். திசையை மாற்ற முடியாது. ஆனால் அம்மாவைச் சேர்க்கலாம். அச்செடுத்த பிறகும் தகட்டில் கோடு சேர்த்து மறுபடி அச்செடுப்பது வழக்கம்தான். ரெம்பிராண்ட்டே ஒரே தகட்டைத் திரும்பத் திரும்ப மாற்றியவர். பரீட்சை, வேலை தேடல் என்று தள்ளிப்போனது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. எங்கள் வீட்டில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் மாட்டியிருந்த சுவர் போய்விட்டது. புயல் இரவில் கயிறு அறுத்துக் காப்பாற்றிய மரங்கள் பகலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தென்னை மரங்களில் மோதிப் பிளந்தன. தகடு சென்னையில் என் டிரங்குப் பெட்டியில் இருந்ததால் தப்பித்தது.

நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன. நல்ல படகுகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்ஜின் இருக்கிறது, அலை உடம்பில் அடிக்காது, போன இடத்திலிருந்து சீக்கிரம் திரும்பலாம். கட்டுமரத்தில் இடுப்புவரை நனைந்தபடி உட்கார்ந்து போனவர்களின் முதுகு வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அது போனதற்கு அழ மாட்டேன். இப்போது புயல் எச்சரிக்கை கைப்பேசியில் வருகிறது. டிராக்டர் வந்து ஒவ்வொரு படகாக மேட்டுக்கு இழுத்துவிட்டுப் போகிறது. நாற்பது பேர் தோள் கொடுக்க வேண்டியதில்லை. யாரும் ‘சா’ சொல்வதில்லை. டின்னை வெட்டி வெளிச்சம் காட்டவும் ஆள் தேவையில்லை, டிராக்டருக்கே முகப்பு விளக்கு உண்டு.

நான் எதற்கு ஏங்குகிறேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தக் கஷ்டத்துக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் கடல் எந்தக் கைப் பக்கம் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது பார், அதற்குத்தான். கோயம்புத்தூரில் எனக்குத் திசையே தெரிவதில்லை. வடக்கே போங்கள் என்று யாராவது வழி சொன்னால் மனசுக்குள் ஒரு விநாடி கரையில் போய் நின்று, விளக்குக்கு முதுகைக் காட்டி, பிறகுதான் இங்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

நைனா போய் எட்டு வருடம் ஆகிறது. அம்மா அண்ணனோடு குப்பத்திலேயே இருக்கிறாள். பொங்கலுக்குப் போனால் கரையில் நடப்போம். மணல் அகலம் குறைந்துவிட்டது. சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் ஒரு மதில். விளக்கு மட்டும் தெற்கே அதே இடத்தில் மின்னுகிறது. போன பொங்கலுக்கு நடந்துகொண்டிருக்கும்போது அம்மா திடீரென்று கேட்டாள்: “அந்த அரிக்கேனு படம் இன்னா ஆச்சுடா?” இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அவளுக்கு அது அரிக்கேன் படம்.

திரும்பி வந்த மறுநாள் வேட்டித் துணியைப் பிரித்தேன். தகட்டின் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்தேன். ஊசியை எடுத்து, அமிலம் எதுவும் இல்லாமல், உலோகத்தில் நேராகக் கையால் அழுத்திக் கீறினேன். டின்னைப் பிடித்த இரண்டு கைகள், ஈரப் புடவை ஒட்டிய முதுகு, தலையில் போட்ட கோணி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. விரலில் கொப்புளம்.

இங்கே அச்சு இயந்திரம் கிடையாது. சென்னைக்கு எடுத்துப்போனால் நண்பர்கள் யாராவது அச்செடுத்துக் கொடுப்பார்கள். இன்னும் எடுத்துப்போகவில்லை. காகிதத்துக்குப் போனால் அவளும் வடக்கே திரும்பிவிடுவாள். தகட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது: விளக்கு தெற்கே, நைனாவுக்கு வலத்தோள், கடல் இடக்கைப் பக்கம்.